இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்

2009இல் எங்கள் ஊர்க்காரருக்குச் சாவுத் தகவல் சொல்லும் வேலை என் கையில் இருந்தது. யாரும் மாலை போட்டு அந்தப் பதவியைத் தரவில்லை. ஊர்ச் சங்கத்தில் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர் என்று எல்லாக் கதிரைகளிலும் ஆண்கள் இருந்துவிட்ட பிறகு, கதிரை இல்லாத ஒரு வேலை மிஞ்சியது. அதுதான் மின்னஞ்சல். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில், கவுன்சில் நடத்திய மாலை வகுப்பொன்றில் இணையத்தளம் செய்யப் படித்திருந்தேன். "தங்கச்சிக்குக் கொம்பியூட்டர் தெரியும்" என்றார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் ஊரவர் எங்கே செத்தாலும், பாரிஸ், ஒஸ்லோ, டொரொண்டோ என்று சிதறிக் கிடந்த சனத்துக்கெல்லாம் கிங்ஸ்பரியில் என் குசினி மேசையிலிருந்து தகவல் போனது.

மரண அறிவித்தலுக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர் என்று தொடங்கும். நடுவில் "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று வரும். கடைசியில் "தகவல்: குடும்பத்தினர்" என்று முடியும். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் அறிவித்தலுக்கு மதிப்பில்லை. வேறு யாரோ சொன்னால் அது காதில் விழுந்த செய்தி. வீட்டார் சொன்னால்தான் போயாக வேண்டும்.

வீட்டார் பெயரில் அனுப்புவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் எங்கள் சங்கம் இரண்டாக உடைந்திருந்தது. கொள்கைப் பிரச்சினை என்று ஒன்றும் இல்லை. ஆண்டு மலரின் முன்பக்கத்தில் யாருடைய படம் வருவது என்பதுதான் சண்டை. கடைசியில் ஒருவருடைய படமும் வரவில்லை, இரண்டு சங்கம் வந்தது. இரண்டுக்கும் ஒரே ஊரின் பெயர், ஒரே மண்டபம், வேறு வேறு ஞாயிற்றுக்கிழமை. ஒரு சங்கத்தின் பெயரில் போகும் மின்னஞ்சலை மற்றச் சங்கத்துக்காரர் திறந்தே பார்க்காமல் அழித்தார்கள்.

சாவுத் தகவலையும் அப்படி அழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே அறிவித்தல் அனுப்பும்போது அனுப்புநர் இருக்க வேண்டிய இடத்தில் செத்தவரின் மனைவியின் பெயரையோ மகனின் பெயரையோ போட்டு, அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியையே வைத்துவிடுவேன். அனுப்புவது சங்கத்து இணையத்தளம் இருந்த வாடகை இயந்திரம். பெறுபவர் கண்ணுக்குத் தெரிவது வீட்டாரின் பெயர் மட்டும். அனுதாபம் சொல்லப் பதில் எழுதினால் அது நேரே வீட்டாருக்குப் போய்விடும். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இரண்டு தலைவர்களும் பிரித்து வைத்த சனத்தைச் சாவுத் தகவலிலாவது ஒன்றாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆண்டு வைகாசியில் வன்னியில் போர் முடிந்த பிறகு இந்த வேலையை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் எத்தனையோ வீடுகள் தொலைபேசிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தன. எத்தனையோ பேருக்கு அறிவித்தலே போட முடியவில்லை. என்ன நாள், எந்த இடம் என்று எழுத ஒருவரிடமும் விவரம் இல்லை. அதைப் பார்த்த பிறகு, நாளும் இடமும் தெரிந்து, அழ வீடும் எரிக்க இடமும் உள்ள ஒரு சாவுக்காவது ஒழுங்காகத் தகவல் போக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

ஐப்பசியில் ரெய்னர்ஸ் லேனில் ஒரு அண்ணை இறந்துபோனார். பொய்லர் திருத்துகிறவர். பாரிசில் பல காலம் இருந்துவிட்டு, மனைவியோடு லண்டனுக்கு வந்து சொந்தமாகத் தொழில் செய்தவர். இரண்டு சங்கத்துக்காரர் வீடுகளிலும் குளிர்காலத்தில் சுடுதண்ணீர் வந்தது அந்த மனிதரின் புண்ணியத்தில்தான். இரண்டு ஒன்றுகூடலுக்கும் போவார், இரண்டிலும் வயிறாரச் சாப்பிடுவார். அதனால் இந்தச் சங்கம் அவரை அந்தச் சங்கத்து ஆள் என்றது. அந்தச் சங்கம் இந்தச் சங்கத்து ஆள் என்றது. அவருக்கு அது ஒரு பகிடி. ஒரு நாள் வேலைக்குப் போன வீட்டின் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், பிறகு எழும்பவில்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே மகள் பாரிசில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும். அவர் வைத்திருந்த மின்னஞ்சல் முகவரியும் பிரான்சில் எடுத்ததுதான். வழக்கம்போல அந்த முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டு அறிவித்தலை அனுப்பினேன். வானொலியிலும் சொல்வோமா என்று கேட்டேன். "இவருக்கு ரேடியோவிலை செத்தவையின்ரை பேர் வாசிக்கிறது பிடிக்காது. ஈமெயில் காணும், அது போதும்" என்றார் அக்கா.

தகனச் சாலை மண்டபத்தில் முன் இரண்டு வரிசை மட்டும் நிரம்பியது. பின்னால் எல்லாம் வெறும் வாங்கு இருக்கைகள். பெட்டி தூக்க எங்கள் ஆட்கள் போதாமல், கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பணியாளர் இருவர் தோள் கொடுத்தார்கள். அந்த இரண்டு தோள்களையும் அக்கா பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக்கு இரண்டு ஒன்றுகூடலுக்கும் முண்டியடிக்கிற சனத்துக்கு, ஒரு நல்ல மனிதனை வழியனுப்ப ஒரு அரை நாள் கிடைக்கவில்லையா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். என் கணவர் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும்.

எட்டாம் நாள் கழிந்து, சமைத்த சாப்பாட்டோடு அக்கா வீட்டுக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மண்டபம் பார்க்க வேண்டும், அதற்கும் அறிவித்தல் போட வேண்டும். அதைக் கதைக்கத்தான் போனேன். அக்கா கதவைத் திறந்ததும் நடைபாதையில் இரண்டு பெரிய சூட்கேஸ் நிற்பதைக் கண்டேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றார் அக்கா. "ஐயரைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளை செய்துபோட்டு நான் பிள்ளையிட்டைப் போறன். வீடு வாடகைக்குத் தந்தவனுக்கும் சொல்லிப்போட்டன். இனி லண்டனும் வேண்டாம், எங்கடை சனமும் வேண்டாம்."

"சனம் வராதது பிழைதான் அக்கா. நானும் கொதிச்சுப்போய்த்தான் இருக்கிறன். ஆனா..."

"வராதது பெரிசில்லை, தங்கச்சி. வேலை இருந்திருக்கும், லீவு குடுத்திருக்கமாட்டான். ஆனா வேண்டாமெண்டு எழுதி அனுப்பினவை தெரியுமோ உமக்கு? ஒவ்வொருத்தராய், பேரோடை."

எனக்கு விளங்கவில்லை. அக்கா மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அவருடைய அஞ்சல் பெட்டி முழுக்க, அறிவித்தல் போன அன்றைய தேதியில், வரிசை வரிசையாக மின்னஞ்சல்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் ஊரவர் ஒருவரின் முகவரி. அதற்குக் கீழே, உங்கள் செய்தி ஏற்றுக்கொள்ளப்படவில்லை, நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலம் அக்காவுக்கு நன்றாகவே விளங்கும், பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே சொற்கள்தான். அதற்கும் கீழே அவர் பெயரில் போன அறிவித்தல் அப்படியே ஒட்டியிருந்தது, கணவரின் சிரித்த படத்தோடு. ஏற்றுக்கொள்ளவும் என்று கேட்டிருந்த வரியும் அதில் இருந்தது.

கணவன் செத்த மறுநாள், செத்தவீட்டுக்குள் இருந்துகொண்டு, அந்த மனுசி இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்திருக்கிறார்.

"அக்கா, இது ஆக்கள் எழுதினது இல்லை. மெசின் அனுப்பினது. ஈமெயில் போய்ச் சேரேல்லை எண்டா மெசின் இப்பிடித்தான் திருப்பி எழுதும்."

"மெசினுக்கு என்ரை மனிசனோடை என்ன கோவம்?"

எனக்கே தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? முகவரி பிழையென்றால் ஒன்று இரண்டு திரும்பி வரும். இத்தனை பேருடைய முகவரியும் ஒரே நாளில் எப்படிப் பிழைக்கும்? அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். "நீர் நல்ல பிள்ளை. உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை" என்று சொல்லிக் கணினியை மூடினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கணவரின் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். அவர் பெயரும் ஊர்ப் பட்டியலில் இருந்தது. அறிவித்தல் அங்கே இல்லை. எனக்குப் பக்கத்தில் படுக்கிற மனிதருக்கே தகவல் வரவில்லை. நான் வாயால் சொன்னபடியால் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு குப்பை அஞ்சல் விழும் பகுதியைத் திறந்து பார்த்தேன். அங்கே கிடந்தது. மேலே ஆண்மை மாத்திரை விளம்பரம், கீழே அவருக்கு விழாத லொத்தர்ப் பரிசு, நடுவில் அண்ணையின் சிரித்த முகம். அன்றைக்கு நான் சொன்ன கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அக்காவிடம் திரும்பி வந்தவை ஒரு பங்குதான். சத்தமில்லாமல் குப்பைக்குள் போனவை அதைவிட அதிகம் இருக்கும். திருப்பி அனுப்பினால் போகவில்லை என்றாவது தெரியும். குப்பைக்குள் போனதற்கு அந்தத் தகவலும் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த கொஞ்சப் பேரும், எதையும் சோதிக்காமல் ஏற்கும் அஞ்சல் பெட்டி வைத்திருந்தவர்கள்.

அடுத்த நாள் மதிய இடைவேளையில், சங்கத்து இணையத்தளத்தை வைத்திருந்த கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு அப்போது கவுன்சிலில், கார் தரிப்பு அபராதத்துக்கு ஆட்சேபம் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதும் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் கோபத்தை வாசிக்கிற எனக்கு என்னுடையதைக் காட்ட ஓரிடம் கிடைத்தது. மறுபக்கத்தில் பேசியவன் பொறுமையான ஆள். அக்காவுக்குத் திரும்பி வந்ததில் ஒன்றின் வரிகளை அங்கேயே குறித்துக்கொண்டு வந்திருந்தேன், அதை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். நீங்கள் வேறொருவர் போல நடித்து அனுப்பியிருக்கிறீர்கள், அதுதான் காரணம் என்றான். ஆள்மாறாட்டம் என்ற பொருளில் ஒரு சொல்லும் சொன்னான்.

என்னைக் கள்ளி என்கிறாயா என்று கேட்டேன். இல்லை அம்மணி, இயந்திரம் அப்படி நினைக்கிறது என்றான்.

பிறகு நிதானமாக விளக்கினான். அஞ்சல் முகவரி கொடுக்கும் கம்பனிகள், எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர உரிமை உள்ள இயந்திரங்கள் இவைதான் என்று எல்லோரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் எழுதி வைக்கின்றன. அதற்கு எஸ்.பி.எஃப் என்று பெயர். கடிதம் போய்ச் சேரும் இடத்து இயந்திரம் அதைப் பார்க்கும். கொண்டுவந்த இயந்திரம் அதில் இல்லாவிட்டால் சந்தேகப்படும். சில கம்பனிகள் கொஞ்சம் இளக்கமாக எழுதும், முன்பு நான் அனுப்பியவை அப்படித் தப்பியிருக்கும். அக்காவின் பிரெஞ்சுக் கம்பனி, இவற்றைத் தவிர வேறு எது எங்கள் பெயரில் வந்தாலும் போலி, ஏற்காதே என்று கறாராக எழுதியிருக்கிறது. எங்கள் வாடகை இயந்திரம் அதில் இல்லை.

அக்காவே தன் பெயரில் அனுப்பச் சொன்னார் என்றேன். உங்களிடம் சொல்லியிருக்கலாம், அந்தக் கம்பனியிடம் சொன்னாரா என்று கேட்டான்.

இந்தக் காவல் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வங்கி எழுதுவதுபோல எழுதிக் காசை உருவுகிறவர்கள் அந்தக் காலத்தில் மலிந்து கிடந்தார்கள். காவல் இருக்கட்டும். ஆனால் மரண அறிவித்தலில் வீட்டார் பெயரை முன்னுக்கு வைப்பது எங்கள் மரியாதை. அதைச் செய்ததற்காக என்னைக் கள்ளர் கூட்டத்தில் சேர்த்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. ஜெர்மனியில் இறங்கிய நாளிலிருந்து நான் யார், எங்கிருந்து வந்தேன், இந்தப் பெயர் என்னுடையதுதானா என்று அத்தாட்சி காட்டித்தான் வாழ்ந்திருக்கிறேன். கேட்டால் காட்டுவேன். இவர்கள் கேட்கவும் இல்லை. வாசலிலேயே தீர்ப்பு எழுதி, அதையும் ஒரு புது விதவையின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

விட்டுவிடு, இனிமேல் தொலைபேசியில் சொல்லலாம் என்றார் என் கணவர். விடமாட்டேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு பழையபடி ஒவ்வொரு வீடாக டெலிபோன் அடிக்கவும் மாட்டேன், அந்த இயந்திரங்களிடம் கெஞ்சவும் மாட்டேன். அவை கேட்கிற அத்தாட்சியை அவற்றின் மூக்குக்கு நேரே நீட்டுவேன். எங்கள் சாவு குப்பை இல்லை.

செய்ய வேண்டியது சிக்கலானது இல்லை. அறிவித்தல் எங்களுக்கே சொந்தமான ஒரு முகவரியிலிருந்து போக வேண்டும், அந்த முகவரிக்கு எங்கள் இயந்திரம்தான் உரியது என்று நாங்களே எழுதி வைக்க வேண்டும். சிக்கல், யாருடைய முகவரி என்பதுதான். சங்கத்தின் பெயர் போட்டால் பாதிச் சனம் அழிக்கும். ஆகவே வெறும் ஊரின் பெயரில், சங்கம் என்ற சொல் ஒட்டாமல், ஒரு இணைய முகவரியைப் பதிந்துகொண்டேன். பிறகு வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். இரண்டு சங்கத் தலைவர்களும் வெள்ளி தவறாமல் அங்கே வருவார்கள். ஒருவர் தெற்குப் பக்கத்தில் நின்றால் மற்றவர் வடக்குப் பக்கத்தில் நிற்பார். நான் செருப்பு வைக்கும் இடத்தில் காத்திருந்தேன். மழைக்கால லண்டனில் சப்பாத்து இல்லாமல் எவரும் தப்பி ஓட முடியாது.

இருவரையும் நிறுத்தி வைத்து நடந்ததைச் சொன்னேன். நான் இணையத்தளம் பார்க்கும் சங்கத்தின் தலைவர் முந்திக்கொண்டார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு கதை? எங்கடை சங்கத்தின்ரை பேரிலை அனுப்பும். பிரச்சினை முடிஞ்சுது."

"முடியேல்லை அண்ணை. உங்கடை பேரைக் கண்டா இவையின்ரை ஆக்கள் அழிப்பினம். இவையின்ரை பேரைக் கண்டா நீங்கள் அழிப்பியள்."

"நான் ஒரு நாளும் அழிக்கேல்லை" என்றார் மற்றவர்.

"திறந்தும் பாக்கேல்லை எல்லே?"

அவர் ஒரு சப்பாத்தைக் காலில் மாட்டியபடி வேறு பக்கம் பார்த்தார்.

"ஊரின்ரை பேரிலை விலாசம் எடுத்திட்டன்" என்றேன். "இனிச் சாவுத் தகவல் அதிலைதான் போகும்."

இப்போது இருவரும் ஒரே குரலில் துள்ளினார்கள். சங்கம் உடைந்த பிறகு அவர்கள் ஒன்றாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஊரின்ரை பேரை நீர் தனிய எப்பிடி எடுக்கலாம்? கமிட்டியிட்டைக் கேட்டனீரோ?"

"எந்தக் கமிட்டியிட்டை?"

இருவரும் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார்கள்.

"ஒன்றுகூடல், ஆண்டு மலர், பிறந்தநாள் வாழ்த்து, ஒண்டும் அதிலை போகாது. செத்தவீட்டுக்கு மட்டும்தான். ஒரு நாள் உங்கடை ரெண்டு பேற்றை அறிவித்தலும் அதிலைதான் போகும், அண்ணை. அது மாத்திரை விளம்பரத்துக்குப் பக்கத்திலை கிடக்கக் கூடாதெண்டா, இப்ப வாயை மூடிக்கொண்டு வழி விடுங்கோ."

வயதில் மூத்தவர்களிடம் அப்படிக் கதைக்கலாமா என்று பிறகு சிலர் கேட்டார்கள். கதைக்கலாம். நான் கதைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க மேசையில் இருந்து வேலை செய்தேன். ஊர்ப் பெயருக்கு உரிய பதிவில், எங்கள் இயந்திரம்தான் எங்களுக்காகப் பேசும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை விழும்படியும் செய்தேன். வழியில் யாராவது கடிதத்தை மாற்றினால் அந்த முத்திரை பொருந்தாது. மரியாதையையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அனுப்புநர் பெயராக "குடும்பத்தினர்" என்றே வைத்தேன், பதில்கள் அக்காவின் முகவரிக்கே போகும்படி வைத்தேன். என் கணவரின் பெட்டிக்கு ஒரு வெற்றுக் கடிதம் அனுப்பிப் பார்த்தேன். முதல் இரண்டு தடவையும் குப்பைக்குப் போனது. ஒரு எழுத்தைப் பிழையாக அடித்திருந்தேன். திருத்தி அனுப்பினேன். "வந்திட்டுது, வந்திட்டுது" என்று அவர் முன்னறையிலிருந்து கத்தினார். ஏதோ எங்கள் பக்கம் கோல் அடித்தமாதிரி இருந்தது.

ஆனால் அனுப்ப வேண்டிய அறிவித்தலுக்கு அக்கா சம்மதிக்க வேண்டும். மறுநாள் ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். சூட்கேஸ் இரண்டும் இன்னும் நடைபாதையில் நின்றன. எஸ்.பி.எஃப், முத்திரை, பிரெஞ்சுக் கம்பனி என்று நான் படித்த எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். என் கணவரின் குப்பைப் பெட்டியில் கிடந்த கதையையும் சொன்னேன். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"நீர் எனக்காக எவ்வளவோ கஷ்டப்படுறீர்" என்றார். "ஆனா என்னாலை இன்னொருக்கா ஏலாது, தங்கச்சி. இன்னொருக்கா நான் கேட்டு, இன்னொருக்கா வேண்டாமெண்டு திரும்பி வந்தா, எனக்கு விசர்தான் பிடிக்கும்."

"அந்த ஈமெயிலை ஒருக்காத் திறவுங்கோ அக்கா" என்றேன். அவருக்கு விருப்பமில்லை. திறந்தார்.

திரும்பி வந்தவற்றில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போனேன். இன்னாரைப் பாருங்கள், அவர் உங்களோடு என்றைக்காவது முகம் சுளித்தவரா? இன்னாரைப் பாருங்கள், அவருடைய வீட்டுப் பொய்லரை அண்ணை பெருநாள் அன்றுகூடப் போய்த் திருத்தவில்லையா? அக்கா சலித்துப்போய்த் தலையைத்தான் ஆட்டினார். நானும் சோர்ந்துவிட்டேன். பட்டியலின் அடியில் ஒரு முகவரியில் என் கை நின்றது. முதலில் நம்ப முடியவில்லை. இரண்டாம் தரம் வாசித்தேன்.

"அக்கா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த விலாசத்தை வாசியுங்கோ."

அவர் கிட்டக் குனிந்து எழுத்தெழுத்தாக வாசித்தார். அண்ணை தன் பொய்லர் தொழிலுக்கென்று வைத்திருந்த முகவரி அது. அவர் லண்டனுக்கு வந்த காலத்திலேயே ஊர்ப் பட்டியலில் சேர்த்தது. செத்துப்போனார் என்று அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவருடைய தொழில் முகவரியைக் காத்த இயந்திரம் கறாரான இயந்திரம்.

"இது இவரின்ரை..."

"ஓம் அக்கா. அவரின்ரை செத்தவீட்டு அறிவித்தலை அவரே வேண்டாமெண்டு திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருக்கும் உங்களோடை கோவமோ?"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. செத்தவீட்டுக் கவலை ஆறாத ஒருத்தியிடம் சொல்லக்கூடிய பகிடியா அது? அக்கா அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மனிசன்! தன்ரை செத்தவீட்டுக்கே வரமாட்டன் எண்டிட்டுது பாரும்" என்றார். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார். நானும் அழுதேன். அண்ணை செத்த பிறகு அக்கா வாய்விட்டு அழுதது அப்போதுதான். தகனச் சாலையில்கூட அவர் அழவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். "அனுப்பும்" என்றார்.

அங்கேயே இருந்து எழுதினோம். ஆத்ம சாந்திப் பிரார்த்தனையிலும் மதிய போசனத்திலும் கலந்துகொள்ளுமாறு கேட்கும் வழக்கமான வரிகளுக்கு மேல், நான் ஒரு பத்தி சேர்த்தேன். முதல் அறிவித்தல் பலருக்கு வந்து சேரவில்லை, குப்பை அஞ்சலுக்குள் பாருங்கள், அங்கே அண்ணை கிடப்பார், அவரை வெளியே எடுங்கள் என்று எழுதினேன். மரண அறிவித்தலில் இப்படி எழுதுவார்களா என்று அக்கா கேட்டார். இனி எழுதுவார்கள் என்றேன்.

அனுப்புவதற்கு முன் பட்டியலைச் சரிபார்க்கும்போது அண்ணையின் முகவரி மறுபடி கண்ணில் பட்டது.

"இதை எடுத்துவிடட்டோ அக்கா?"

அக்கா திரையில் அந்த முகவரியை விரலால் தொட்டார்.

"விடும்" என்றார். "முதல் தரம் அந்த மனிசனுக்குச் சொல்லாமலே எரிச்சுப்போட்டம். இந்த முறையாவது போய்ச் சேரட்டும்."

அனுப்பினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் டொரொண்டோவிலிருந்து தொலைபேசி வந்தது. அக்கா எடுத்ததும் மறுபக்கத்தில் ஒரு பெண் குழறி அழும் சத்தம் எனக்கும் கேட்டது. அதை வைக்க ஒஸ்லோ. அதை வைக்கக் கிங்ஸ்பரியிலேயே எங்கள் அடுத்த தெருவிலிருந்து ஒருவர், அண்ணை செத்ததே தெரியாமல் அந்தக் கிழமை தன் பொய்லருக்கு அவரைத் தேடி அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்.

முப்பத்தோராம் நாள் ஹரோவில் நாங்கள் பிடித்த மண்டபத்தில் கதிரைகள் போதவில்லை. பக்கத்து அறையிலிருந்து இழுத்து வந்து போட்டோம். அதுவும் போதாமல் இளம் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். தலைவர்கள் இருவரும் வந்தார்கள். ஒருவர் சோறு பரிமாற, மற்றவர் பந்தியின் மறு அந்தத்திலிருந்து பருப்பு ஊற்றிக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தபோது ஒருவரை ஒருவர் பார்க்காமல் விலகிப் போனார்கள். அதற்கு மேல் அவர்களிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை. அக்காவின் மகள் பாரிசிலிருந்து வந்திருந்தாள். சூட்கேஸ்களை மேலே தூக்கி வைக்கச் சொன்னது அம்மாதான் என்று என்னிடம் சொன்னாள்.

சனம் கைகழுவப் போன நேரம் அக்கா என்னைத் தேடிக் குசினிப் பக்கம் வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார். யாருக்கும் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒவ்வொரு நாளும் திறந்து பாக்கிறன். இவருக்குப் போனது திரும்பி வரேல்லை."

"வராது அக்கா" என்றேன். "அவர் ஏற்றுக்கொண்டிட்டார்."